அப்பிள்-1 கணனியும் அதன் படிப்பலகைகளும்

வரலாற்றுக்குச் சான்றாவன கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஓலைச்சுவடியும் என்றே நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். இயந்திரங்களையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவார் சிலரே. நீராவி எஞ்சினையும் பழைய அச்சுப்பொறியையும் பழம்பொருளாகக் கொள்ள இசைவோர்கூடக் கணனி ஒன்றைப் பழம்பொருள் என்றால் நகைப்பர். ஆயினும் 1976ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் ஏறத்தாழ 200 என்னும் அளவிலே செய்யப்பட்ட அப்பிள்-1 என்னுங் கணனி இன்று நூதனசாலைகளிலே பேணப்படுகின்றது. அதன் மின்சுற்றுப் பலகையை அளவும் கோடும் துளையும் பிசகாது புதிதாக ஆக்கி, அக்காலத்துச் சில்லுகளைத் தேடிப் பொருத்தி, மீண்டும் இயங்கச் செய்வோரும் உளர். இவர்தம் முயற்சி வெறும் பொழுதுபோக்கா, அன்றி வரலாற்றுக்கு ஆவதொன்று அதனால் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் அப்பலகை தோன்றிய சூழலை அறிதல் வேண்டும். 1975ஆம் ஆண்டு சனவரி மாதத்துப் 'பொப்புலர் இலெக்றோனிக்ஸ்' இதழின் முகப்பிலே அல்ற்றெயர் 8800 என்னுங் கணனி இடம்பெற்றது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரிலிருந்த ஒரு சிறு நிறுவனம் அதனை உதிரிப்பாகங்களாக 400 டொலருக்குச் சற்றுக் குறைந்த விலைக்கு அனுப்பிவைத்தது. அதற்கு விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. முகப்பிலே வரிசையாயமைந்த ஆளிகளை மேலுங் கீழுந் தள்ளி எண்களை உள்ளிடுதலும், சிறு விளக்குகள் எரிவதும் அணைவதுங் கண்டு விடையை உய்த்துணர்தலுமே அதனை ஆளும் முறை. எனினும் கணனி என்பது பல்கலைக்கழகத்துக்கும் பெருநிறுவனத்துக்குமே உரியது என்றிருந்த காலத்தில், தனியொருவன் தன் வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளத்தக்க கணனி ஒன்று விலைக்கு வந்தமை இளைஞர் பலரைத் தட்டியெழுப்பியது. அவ்வாண்டு மார்ச்சு 5ஆந் தேதி கலிபோர்ணியாவின் மென்லோ பார்க் நகரில், ஒருவர் வீட்டு வாகனக் கொட்டகையிலே, ஆர்வலர் சிலர் கூடிச் சங்கம் ஒன்றைத் தொடக்கினர். ஹோம்புறூ கணனிச் சங்கம் எனப் பின்னர்ப் பெயர்பெற்றது அது. அம்முதற் கூட்டத்துக்கு வந்திருந்தோருள் ஹியூலற்-பக்காட் நிறுவனத்திலே கைக்கணிப்பான்களை வடிவமைத்துக்கொண்டிருந்த ஸ்ரீவன் வொஸ்னியாக் என்பவரும் ஒருவர்.

வொஸ்னியாக்கிடத்தே திறமை மிகுதியாய் இருந்தது, பணந்தான் இல்லை. கணனியின் மூளையெனத்தக்க சில்லின் விலை நூறு டொலரை நன்கு கடந்து நின்றது. மோற்றறோலா நிறுவனத்தின் 6800 என்னுஞ் சில்லை மனத்துட்கொண்டே அவர் தம் வரைபடத்தை முதலில் வகுத்தார். 1975 செப்டெம்பரிலே சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கொன் கண்காட்சியையொட்டி மொஸ் ரெக்னொலொஜி நிறுவனத்தார் 6502 என்னும் புதுச் சில்லை 25 டொலருக்கு விற்கலாயினர். அதனை ஆக்கியோர் மோற்றறோலாவிலிருந்து பிரிந்து வந்தவராதலின் இரு சில்லுக்கும் உறவு நெருக்கமானது. வொஸ்னியாக் வரைபடத்தைச் சிறிதே மாற்றி மலிவான சில்லைக் கைக்கொண்டார். இவ்வுறவு பலகையிலே ஒரு தடத்தை விட்டுச் சென்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

தம் வரைபடத்தை அவர் மறைத்து வைத்தாரல்லர். சங்கத்தார்க்குப் படிகளை இலவசமாகக் கொடுத்தார். கட்ட விரும்பினோர்க்குத் துணையும் புரிந்தார். ஆயினும் வரைபடத்தைக் கொண்டு கணனி கட்டுதல் எளிதன்று. நூற்றுக்கணக்கான முனைகளைக் கம்பி கொண்டு ஒவ்வொன்றாய் இணைத்தல் வேண்டும். ஓரிடத்திற் பிழைப்பினும் யாவும் பாழ். இவ்விடத்திலேதான் அவர் நண்பர் ஸ்ரீவ் ஜொப்ஸ் குறுக்கிட்டார். கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புக்கோடுகள் பதிந்த பலகையை 20 டொலர்ச் செலவிற் செய்து 40 டொலருக்கு விற்கலாம் என்பது அவர் யோசனை. ஒருவர் தம் ஹியூலற்-பக்காட் கணிப்பானையும் மற்றவர் தம் வாகனத்தையும் விற்று முதல் திரட்டினர். தாம் பணிபுரியும் நிறுவனத்தாரிடம் வொஸ்னியாக் முதலில் இவ்வடிவமைப்பைக் காட்டியிருந்தார். அவர்கள் வேண்டா என்றனர். 1976 ஏப்பிரல் 1ஆந் தேதி அப்பிள் கூட்டு நிறுவப்பட்டது.

ஆக, இன்று உலகறிந்த அந்நிறுவனம் கணனி விற்கும் நோக்கத்தோடு தோன்றியதன்று. வெறும் பலகை விற்கவே தோன்றியது. வாங்குவோன் தன் சில்லுகளைத் தானே தேடித் தானே பற்றாசு வைத்துக்கொள்வான் என்பது எண்ணம். மவுண்டன் வியூ நகரிலே 'பைற் ஷொப்' என்னுங் கடை நடத்திய போல் ரெறெல் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டார். வெறும் பலகை வேண்டா, பாகங்கள் பூட்டப்பெற்ற 50 பலகைகளைத் தந்தால் ஒன்றுக்கு 500 டொலர் தருவேன் என்றார் அவர். பின்னர்ச் சில்லறை விலை 666.66 டொலர் என நிறுவப்பட்டது. அவ்விலைக்கும் பெட்டி இல்லை, விசைப்பலகை இல்லை, நிலைமாற்றிகளும் இல்லை. அவற்றை வாங்கியோரே தேடிக்கொள்ளல் வேண்டும். இக்காலத்திற் படிப்பலகை வாங்கி மாதக்கணக்காகச் சில்லுத் தேடுவோர் ஜொப்ஸ் முதலில் எண்ணிய வாடிக்கையாளராகவே வந்து வாய்த்திருக்கின்றனர் என்பது சுவையானதொன்று.

இனிப் பலகையை நோக்குவோம். அது ஏறத்தாழ 15½ அங்குல நீளமும் 9 அங்குல அகலமுங் கொண்டது. பச்சை மேற்பூச்சு உடையது. அதன் கோடுகளை வரைந்தவர் அற்றாரி நிறுவனத்துக்குப் பலகை வரைந்து பழகிய ஹவார்ட் கன்ரின் என்பவர். அக்காலத்துப் பலகைகள் ஒளிபுகு தாளின்மேற் கரிய நாடாவைக் கையால் ஒட்டி வரையப்பட்டவை. எனவே கோடுகள் சில மெல்ல வளைந்து செல்லும். இரு கோடுகளுக்கிடைப்பட்ட வெளி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கும். கையெழுத்துக்கு உள்ள சாயல் இதற்கும் உண்டு.

பலகையின் ஒரு பெரும்பகுதி கணிக்கும் வேலைக்கன்று, திரையில் எழுத்துக் காட்டும் வேலைக்கே ஒதுக்கப்பட்டது. வொஸ்னியாக்கின் புதுமை இங்கேதான் உள்ளது என்பது எம் துணிபு. ஆளிகளையும் விளக்குகளையும் விட்டுத் தட்டெழுத்து விசைப்பலகையையும் தொலைக்காட்சித் திரையையும் கொண்டமையாற் கணனியின் முகமே மாறிவிட்டது. ஒரு வரிக்கு 40 எழுத்தாக 24 வரி, ஆக 960 எழுத்துக்கள் திரையில் நிற்கும். இவற்றை நினைவில் வைத்திருக்கச் சாதாரண நினைவகச் சில்லுகளை அவர் பயன்படுத்தவில்லை. சிக்னெற்றிக்ஸ் நிறுவனத்தாரின் 2504 என்னும் நகர்வுப் பதிவகங்களைப் பயன்படுத்தினார். 1024 பேர் வட்டமாய் நின்று, கையிலுள்ள பொருளை ஒரே நேரத்தில் அடுத்தவரிடங் கொடுத்துக்கொண்டேயிருப்பதாக எண்ணுக. ஒரு குறித்த பொருளை மாற்ற வேண்டின், அது நம்முன் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். கைமாற்றுதல் நின்றாலோ பொருள் யாவும் கீழே விழுந்து அழியும். அப்பதிவகத்தின் இயல்பு இதுவே. இத்தகைய ஏழு சில்லுகளுள் ஆறு எழுத்துக்குரியவை. ஒன்று எழுதுமிடத்தைக் காட்டும் குறிக்கு உரியது. இவற்றோடு ஒரு வரி முழுவதையும் ஏந்தும் 2519 என்னுஞ் சில்லும் உண்டு. தன் முறை வரும்வரை ஒவ்வோர் எழுத்துங் காத்திருத்தலால் வினாடிக்கு 60 எழுத்துக்கு மேற் திரையில் எழுத இயலாது. விலை குறைவு, வேகமுங் குறைவு.

1977 ஏப்பிரலில் அப்பிள்-2 அறிமுகமாகியதும் முதலாவதின் காலம் முடிந்தது. நிறுவனத்தார் பழையதைப் பெற்றுப் புதியதைத் தரும் ஏற்பாடு செய்து, திரும்பி வந்தவற்றை அழித்தனர். முந்தியதைக் கற்றுக் கட்டியவர் வொஸ்னியாக் ஒருவரேயாதலின், வாங்கியோர் எழுப்பும் ஐயங்களுக்கு விடையிறுக்கும் சுமையினின்றும் அவர்கள் விடுபட விரும்பினர் போலும். ஆகவே எஞ்சியவை சில. 2010ஆம் ஆண்டு இலண்டன் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் ஒன்று 133,250 பவுணுக்கு விலைபோயிற்று. 2014 ஒக்டோபரிலே நியூயோர்க்கு நகரத்துப் பொனம்ஸ் ஏலத்தில் மற்றொன்றை மிச்சிகன் மாநிலத்து ஹென்றி போட் நூதனசாலையார் 905,000 டொலருக்கு வாங்கினர்.

இத்துணை விலையுடைய பொருளை இயக்கிப் பார்க்க எவர் துணிவர்? அரை நூற்றாண்டு பழமையான கொள்ளளவி ஒன்று பழுதாகி மின்னழுத்தம் தவறினால், கிடைத்தற்கரிய சில்லுகள் கணத்திற் கருகிப்போம். மூலப்பலகை இவ்வாறு பேசாப் பொருளாகிவிட்டது. அது செய்த வேலையைக் கண்ணாற் காண்பதற்குப் படிப்பலகையன்றி வேறு வழி இல்லை.

படிகள் இருவகைப்படும். செயலை மாத்திரம் பின்பற்றி, திரைப்பகுதியை இக்காலச் சில்லுகளாற் சுருக்கமாக அமைப்பன ஒருவகை. 2003ஆம் ஆண்டிலே தோன்றிய 'றெப்ளிக்கா 1' இத்தகையது. அப்பிள்-1ஐ மீளக் கட்டுதல் குறித்து ரொம் ஓவாட் 2005இல் ஒரு நூலே வெளியிட்டார். கற்பிப்பதற்கு இவ்வகை மிக நன்று. ஆயின் மூலத்தின் தயக்கமும் தடையும் அதிற் புலப்படா. பலகையை அங்குலம் அங்குலமாகப் பின்பற்றுவது மற்றை வகை.

இவ்விரண்டாம் வகைக்கு வரைபடம் மாத்திரம் போதாது. எதனோடு எது இணைகின்றது என்பதை வரைபடம் கூறும்; அது கைந்நூலிலேயே அச்சிடப்பட்டுள்ளது. கோடு எவ்வழி செல்கின்றது என்பதை மூலப்பலகையே கூறவல்லது. ஆதலின் பலகையின் இருபக்கத்தையும் நுணுக்கமாகப் படம்பிடித்து, வளைவுகளையும் விடாது கணனியில் வரைந்துகொள்வர். அப்படத்தை ஒளியுணர் பூச்சிட்ட செப்புத் தகட்டுப் பலகையின்மேல் வைத்து ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சிக் கழுவினால், வேண்டிய கோடுகளின்மேற் பூச்சு எஞ்சும். பின்னர்ப் பெரிக்குக் குளோரைட்டு முதலிய அரிப்பானில் இட, மூடப்படாத செப்புக் கரைந்தோடும். இரசாயனம் பயிலும் மாணவர்க்கு இது புதிதன்று. துளையிடுதலும், துளையின் உட்சுவரிலே செப்புப் படிவித்தலும், பச்சைப் பூச்சும், வெள்ளெழுத்து அச்சும் அதன்மேல் நிகழ்வன. இவற்றை இக்காலத்தார் பெரும்பாலும் தொழிற்சாலைகளிலே செய்விக்கின்றனர்.

முன்னர்க் கூறிய தடத்தை இங்கே காணலாம். மூலப்பலகையிலே 6800 சில்லைப் பொருத்த விரும்புவோர்க்கெனச் சில துளைகள் விடப்பட்டுள்ளன. 6502 பொருத்திய கணனிக்கு அவை வேண்டா. விற்கப்பட்ட பலகைகளில் அவை வெறுமையாகவே கிடந்தன. செயலை மாத்திரம் நோக்குவோன் அவற்றை விலக்குவான். நேர்படி செய்வோன் அவற்றையும் இடுகின்றான். வொஸ்னியாக் முதலில் எதனை எண்ணினார், விலை அவரை எங்ஙனந் திருப்பியது என்பதற்கு அவ்வெற்றுத் துளைகளே சான்று. பொருள் விளங்காத சொல்லையும் உள்ளவாறே பெயர்த்தெழுதிய ஏடெழுதுவோனுக்கும், தனக்கு விளங்கும்படி திருத்தி எழுதியவனுக்கும் உள்ள வேற்றுமையை நம் பதிப்பாசிரியர் நன்கறிவர்.

பாகங்களைத் தேடுதல் பலகை செய்வதினும் அரிது. 2519 என்னுஞ் சில்லு செய்யப்படுவது என்றோ நின்றுவிட்டது. ஒவ்வொரு சில்லின் முதுகிலும் அது செய்யப்பட்ட ஆண்டும் வாரமும் நான்கு இலக்கத்தாற் பொறிக்கப்பட்டிருக்கும். 7625 என்பது 1976ஆம் ஆண்டு 25ஆம் வாரம். அவ்வாரத்துக்கு முந்திய சில்லே வேண்டும் எனப் பொருளை இறைப்போரும் உளர். இது சற்று மிகை என்றே கூறவேண்டும். ஆயினும் அந்நான்கு இலக்கம் வேறொரு வகையிலே பயன்படுகின்றது. மூலம் இலட்சக்கணக்கான டொலர் பெறும்போது, நேர்படியை மூலமென்று காட்டி விற்க முயலும் வஞ்சகத்துக்கு இடமுண்டு. 1976 என்று சொல்லப்படும் பலகையிலே 1983ஆம் ஆண்டுச் சில்லு இருப்பின் வினா எழும். பழைய இலக்கத்தை அழித்துப் புதிதாய்ப் பொறிப்பதும் இயலுமாதலின் அச்சான்று ஒன்றே போதாது. நாரிழைப் பலகையும் பற்றாசும் உடன்வைத்து ஆராயப்படல் வேண்டும். படி செய்வோர் எளிதில் அழியாத அடையாளம் ஒன்றைத் தம் பலகையில் இடுதல் கடன் என்பது எம் கருத்து. கோட்டைப் பின்பற்றலாம், ஆண்டைப் பின்பற்றல் ஆகாது.

கட்டி முடித்தோர் உடனே சில்லுகளைப் பொருத்துவதில்லை. இரு நிலைமாற்றிகளை இணைத்து, +5, −5, +12, −12 என்னும் நான்கு உவோற்றளவுகளும் சரியாயுள்ளனவா என்று வெறும் பலகையிலேயே அளந்து பார்ப்பர். பின்னரே சில்லுகள் குழிகளில் அமர்த்தப்படும். மின் செலுத்தியதும் திரை முழுவதும் பொருளற்ற எழுத்துக்கள் நிறைந்து தோன்றும். வட்டமாய் நின்ற 1024 பேரின் கையில் அந்நேரத்து அகப்பட்டவை அவை. திரையைத் துடைக்கும் விசையை ஒருமுறையும், தொடக்க விசையை ஒருமுறையும் அழுத்தல் வேண்டும். அப்போது சாய்கோடு ஒன்று தோன்ற, அதன்கீழ் எழுதுமிடத்துக் குறி கண்சிமிட்டும். 256 பைற்றே கொண்ட கண்காணிப்பு நிரல் விழித்துக்கொண்டது என்பதற்கு அது அறிகுறி. கைந்நூலிலே முதற் சோதனையாகத் தரப்பட்ட நிரல் பதினொரு பைற்று நீளமுடையது. அதனைத் தட்டி ஓடவிட்டால், எழுத்துக்களும் எண்களும் குறிகளும் வினாடிக்கு 60 என்னும் அளவிலே, 1976இல் ஓடிய அதே நடையில், வரிவரியாகத் திரையில் ஏறிக்கொண்டிருக்கும்.