சுழற்கருவியின் இடத்தில் ஒளி: சிஎன்சி இயந்திரத்தில் லேசர் சேர்ந்த வரலாறு

கணினியின் கட்டளைப்படி மரத்தையும் உலோகத்தையும் குடைந்தெடுக்கும் சிஎன்சி இயந்திரத்தில், சுழலும் வெட்டுக்கருவிக்குப் பக்கத்திலோ அதன் இடத்திலோ ஒரு லேசரைப் பொருத்திப் பொறிக்கவும் வெட்டவும் பயன்படுத்துவது இன்று சிறு பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. பெருந்தொழிற்சாலைகளின் லேசர் வெட்டுமுறை காலப்போக்கில் மலிந்து பட்டறைவரை வந்துசேர்ந்ததென்று கருதத் தோன்றும். உண்மையில் பட்டறைக்கு வந்த லேசர் வேறொரு வழியில் பிறந்தது. அதை இயந்திரத்தோடு பொருந்தச் செய்ததும் ஒளியியலைவிட மென்பொருளின் சாதனையே.

எண்களால் இயந்திரத்தை ஆளும் முறை லேசருக்கு மூத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக்கொண்டே வெட்டுக்கருவியை நகர்த்தலாம் என்று எண்ணினார். 1949-இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்க, எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சர்வோ ஆய்வகம் அவ்வேலையில் இணைந்து, 1952-இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் இயந்திரமொன்றைச் செய்துகாட்டியது. இத்தகைய இயந்திரங்களுக்கென்று பின்னர் வகுக்கப்பட்ட ஜி-கோடு என்னும் கட்டளைமொழியில் ஜி என்ற எழுத்து நகர்வையும், எம் என்ற எழுத்து துணைச்செயல்களையும், எஸ் என்ற எழுத்து கருவியின் சுழல்வேகத்தையும் குறித்தன. எம்3 வலச்சுழற்சி, எம்4 இடச்சுழற்சி, எம்5 நிறுத்தம். கருவி என்றால் சுழல்வது என்பதே அம்மொழியை வகுத்தோரின் முடிபு.

லேசர் 1960-இல் கலிபோர்னியாவின் மாலிபு நகரில், ஹியூஸ் ஆய்வகத்தில் தியடோர் மெய்மன் கையில் உருவானது. வெட்டுவதற்கு ஏற்ற வகை நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் கற்ற குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964-இல் கரியமில வாயுவை ஊடகமாகக் கொண்ட லேசரை உருவாக்கினார். அது உமிழும் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர் கண்ணுக்குப் புலப்படாதது. ஆனால் மரம், தோல், அக்ரிலிக், கண்ணாடி ஆகிய பலவும் அதை உடனே உட்கவர்ந்து சூடாகும். 1965-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம், கம்பி இழுக்கப் பயன்படும் வைர அச்சுகளில் துளையிட லேசரைத் தொழிலில் ஈடுபடுத்தியது. 1967-இல் பிரிட்டனில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், கரியமில வாயு லேசரின் கதிரோடு ஆக்சிஜன் பீச்சையும் செலுத்தி 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டினார். கதிர் எஃகைச் சூடேற்ற, ஆக்சிஜன் அதை எரித்து உருகிய கசடை ஊதித் தள்ளும் இம்முறையே இன்றைய தகடு வெட்டும் தொழிலின் அடித்தளம்.

எண்கட்டுப்பாடும் லேசரும் ஒரே இயந்திரத்தில் சேர்ந்ததற்கு ஜெர்மனியின் டிரும்ஃப் நிறுவனம் நல்ல சான்று. தகட்டில் துளைபோடும் எண்கட்டுப்பாட்டு இயந்திரங்களைச் செய்துவந்த அந்நிறுவனம், 1979-இல் துளைபோடும் அச்சோடு லேசரையும் கொண்ட கூட்டு இயந்திரத்தை வெளியிட்டது. அதற்கான லேசர் அமெரிக்காவிலிருந்து வாங்கப்பட்டது. சொந்த லேசரை டிரும்ஃப் 1985-இல்தான் கொண்டுவந்தது. ஏற்கனவே உள்ள இயந்திரத்தில் வெளியிலிருந்து வாங்கிய லேசரைச் சேர்ப்பது என்ற இன்றைய பட்டறைப் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம். எனினும் கரியமில வாயு லேசருக்கு உயரழுத்த மின்சாரமும், குளிர்விக்கும் ஏற்பாடும், கதிரைத் திருப்ப ஆடிகளும் வேண்டும். அதனால் சிறிய மரவேலை இயந்திரத்தின் நகரும் தலையில் அதை அப்படியே தொங்கவிடுவது எளிதன்று.

அந்தத் தடையை நீக்கியது விரல்நுனியளவே உள்ள குறைகடத்தி லேசர். 1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் ஹால் செய்த முதல் குறைகடத்தி லேசர் அகச்சிவப்பில் ஒளிர்ந்தது. நீல ஒளிக்கு 1990களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா காலியம் நைட்ரைடைக்கொண்டு அதைச் சாதித்தார். 2010-ஐ ஒட்டி காசியோ நிறுவனம் படம் காட்டும் புரொஜெக்டர்களில் விளக்குக்குப் பதிலாக 445 நானோமீட்டர் நீல லேசர்களை அடுக்கியபோது, ஆர்வலர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து மரத்தைச் சுட்டுப் பார்க்கத் தொடங்கினர். வெட்டுவதற்கென்று யாரும் வடிவமைக்காத பாகம் அது.

கட்டுப்பாட்டின் பக்கம், நார்வேயின் சிமென் ஸ்காக்ஸ்ருட் 2009-இல் வெளியிட்ட ஜிஆர்பிஎல் என்னும் திறந்தமூல நிரல், ஜி-கோடைப் படிக்கும் வேலையை ஆர்டுயினோ என்ற மலிவான மின்பலகைக்குள் அடக்கியது. சுழல்வேகத்துக்கென்று எஸ் கட்டளை அனுப்பும் துடிப்புகளை லேசரின் மின்சுற்றுக்குத் திருப்பினால் அதுவே ஒளியின் வலிமையாகிவிடும் என்பதால், இணைப்பு எளிதாகவே தோன்றியது. ஆனால் மூலைகளில் கரி படிந்தது. மூலையில் திரும்ப இயந்திரம் வேகத்தைக் குறைக்கிறது. சுழற்கருவிக்கு அதனால் பெருங்கேடு இல்லை, ஒளியோ அதே வலிமையில் ஓரிடத்தில் கூடுதல் நேரம் நின்று பொருளைக் கருக்கிவிடும். 2010களின் பிற்பாதியில் வந்த 1.1 பதிப்பின் லேசர் முறை இதைத் தீர்த்தது. ஒளிக்கு இடச்சுழற்சி என்று ஒன்று இல்லாததால் பயனற்றுக் கிடந்த எம்4 கட்டளை, தலையின் அவ்வப்போதைய வேகத்துக்கு ஏற்ப வலிமையை ஏற்றியிறக்கும் கட்டளையாக மாறியது. எஸ் மாறும்போதெல்லாம் நின்று செல்லும் பழைய வழக்கமும் கைவிடப்பட்டு, ஓடும் ஓட்டத்திலேயே நிழற்படங்களைப் பொறிக்க வழி பிறந்தது. இந்த வரலாற்றில் மிக நுட்பமான படி இதுவே. அதற்கு ஒரு புதிய உறுப்புகூடத் தேவைப்படவில்லை.

ஆயினும் இயந்திரத்தின் உடல் பழையதுதான். வெட்டும்போது எழும் தள்ளுவிசையைத் தாங்கக் கட்டப்பட்ட கனத்த சட்டம், எதையும் தொடாத ஒளிக்குத் தேவையற்ற சுமை; அதனால் விரைவாகப் பொறிப்பதில் தனி லேசர் இயந்திரமே முந்தும். தெளிந்த அக்ரிலிக்கை நீலக் கதிர் ஊடுருவிச் சென்றுவிடுவதால் அதை வெட்ட இன்றும் கரியமில வாயு லேசரே வேண்டும். பிவிசி தகட்டை எந்த லேசரிலும் வைக்கலாகாது. சூடேறும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கி நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும். தொழிற்சாலை லேசர்கள் பெரும்பாலும் மூடிய பெட்டிக்குள் இயங்க, மரவேலை இயந்திரத்தின் சட்டமோ நாற்புறமும் திறந்தது. சில வாட் நீலக் கதிர், தெறித்து வரும்போதுகூட, கண் இமைப்பதற்குள் விழித்திரையைச் சுடவல்லது. எனவே இவ்விணைப்பில் இறங்குவோர் லேசரை வாங்கும் முன்பே அதன் அலைநீளத்துக்கென்று சான்றளிக்கப்பட்ட கண்காப்பும், கதிரை மறைக்கும் உறையும், புகை போக்கியும் வாங்கிவைப்பது நல்லது.