விவசாய நிலத்தில் ‘குணமளிக்கும் மையம்’ நடத்தலாமா? ஜெஞ்சாரோம் நில உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்லிமா காராங் வட்டாரங்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என நிலம் வைத்திருக்கும் நம்மவர் குடும்பங்கள் உண்டு. தோட்ட வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலோ, இபிஎஃப் சேமிப்பிலோ வாங்கிய நிலம் அது. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன பிறகு, செம்பனையைப் பார்க்க ஆளில்லாமல் நிலத்தை வாடகைக்கு விடுவது வழக்கமாகிவிட்டது. மாத வாடகை எவ்வளவு என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. சட்டம் கேட்கும் முதல் கேள்வி வேறு: அந்த நிலத்தில் அந்தக் காரியத்தைச் செய்யலாமா?

தொழிற்சாலை, கிடங்கு, பறவைக்கூடு ஆகியவற்றுக்கு நிலம் கேட்டு வருவோரை இவ்வட்டாரம் பார்த்திருக்கிறது. ‘ஓய்வு இல்லம்’, ‘மறுவாழ்வு மையம்’, ‘மன அமைதி மையம்’ போன்றவற்றுக்கும் அமைதியான கிராமப்புற இடமே தேவைப்படுகிறது. சைலோசைபின் என்ற காளான் வழிப் பொருளைக் கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மையங்கள் அமெரிக்காவின் சில மாநிலங்களில் இப்போது சட்டப்படி இயங்குகின்றன. அச்செய்திகள் கைப்பேசி வழி இங்கும் பரவுகின்றன. “வெளிநாட்டில் அனுமதித்துவிட்டார்கள், இது இயற்கை மருந்து” என்று ஒருவர் சொல்லி நிலம் கேட்டால், நில உரிமையாளர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சைலோசைபின் என்பது என்ன?

சில வகைக் காளான்களில் இயற்கையாக இருக்கும் வேதிப்பொருள் சைலோசைபின். உடலுக்குள் போனதும் அது சைலோசினாக மாறி, மூளையில் வேலை செய்து, பார்ப்பதையும் கேட்பதையும் நேர உணர்வையும் மாற்றிவிடும். அதன் தாக்கம் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கும். கடுமையான மனச்சோர்வுக்கு இது உதவுமா என்று பல நாடுகளில் ஆய்வுகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், சிறப்பு அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இதைக் கொடுக்கலாம்.

இவ்வகைக் காளான்களில் ஒன்று வெப்ப நாடுகளில் மாட்டுச் சாணத்தில் தானாக முளைக்கக் கூடியது. மாடு மேயும் இடங்களில் முளைக்கும் காளானைப் பறித்துத் தின்பது ஆபத்து. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் காளான்களில் உயிரைப் பறிக்கும் நச்சுக் காளானும் இருக்கும்.

மலேசியச் சட்டம் சொல்வது

சைலோசைபினும் சைலோசினும் 1971ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் உள்ளவை. மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் பட்டியல் அது. மலேசியாவில் இவை 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றைக் கொண்டு சிகிச்சை மையம் நடத்த உரிமம் கொடுக்கும் ஏற்பாடு இந்நாட்டில் இல்லை.

இச்சட்டத்தில் ‘கடத்தல்’ என்ற சொல்லின் பொருள் விரிவானது. எல்லை தாண்டிக் கொண்டுவருவது மட்டுமே கடத்தல் என்று பலர் நினைக்கிறார்கள். தயாரிப்பது, வைத்திருப்பது, மறைப்பது, கொடுப்பது, வாங்குவது, மற்றவருக்குச் செலுத்துவது எல்லாமே அந்த விளக்கத்தில் அடங்கும். 39பி பிரிவின் கீழ்க் குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை, அல்லது ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகு, இரண்டில் எது என்பதை நீதிபதி முடிவு செய்கிறார்.

நில உரிமையாளர் கவனிக்க வேண்டியது 37ஆவது பிரிவு. ஓர் இடத்தில் போதைப்பொருள் மறைத்து வைக்கப்பட்டிருந்தால், அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு அது தெரிந்தே இருந்தது என்று சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நிலத்தின் பின்பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டு முன்பகுதி வீட்டில் வசிக்கும் குடும்பங்கள், எந்தப் பகுதி யார் கையில் இருக்கிறது என்பதை எழுத்தில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

அனுமதி உள்ள இடத்திலும் நில விதி தனி

அமெரிக்காவின் ஓரிகன் மாநில மக்கள் 2020 நவம்பரில் 109ஆவது தீர்மானத்துக்கு வாக்களித்து, உரிமம் பெற்ற மையங்களில் சைலோசைபின் கொடுக்க வழி செய்தனர். 2023 ஜனவரியில் உரிம விண்ணப்பங்கள் பெறப்பட்டன. அங்கேயும் நினைத்த இடத்தில் மையம் திறக்க முடியாது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 300 மீட்டருக்குள், மையம் இருக்கக்கூடாது. நகர எல்லைக்குள் குடியிருப்புக்கு மட்டும் ஒதுக்கிய பகுதியிலும் கூடாது. காளானைத் திறந்த வெளியில் வளர்க்கவும் தடை உண்டு.

விவசாய நிலத்தைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. சைலோசைபின் காளானை அது விவசாயப் பயிராக ஏற்கிறது. ஆனால் விவசாயத்துக்கு மட்டும் ஒதுக்கிய நிலத்தில், அந்தப் பயிரைக் காரணம் காட்டிப் புதிய வீடு கட்டவோ கடை போடவோ விடுவதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த முறையில் மையம் இயங்கலாம் என்று விதி போடும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களுக்கு உண்டு. 2022 நவம்பர் தேர்தலில், அங்குள்ள 36 மாவட்டங்களில் பெரும்பாலான கிராமப்புற மாவட்டங்கள் மையங்களே வேண்டாம் என்று வாக்களித்தன. கொலராடோ மாநிலம் 2022இல் நிறைவேற்றிய சட்டத்தில், உள்ளூர் மன்றங்கள் முழுத் தடை போட முடியாது, இடத்தையும் நேரத்தையும் மட்டும் கட்டுப்படுத்தலாம்.

ஆக, மருந்துக்கு அனுமதி கிடைப்பதும் நிலத்துக்கு அனுமதி கிடைப்பதும் இரு வேறு விஷயங்கள். மலேசியாவில் முதல் அனுமதிக்கே வழியில்லை. வேறு வகைச் சிகிச்சை இல்லங்களுக்கும் இரண்டாவது அனுமதி கட்டாயம் தேவை.

கிராண்டில் என்ன எழுதியிருக்கிறது?

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலப் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூன்றாகப் பிரிக்கிறது. இது கிராண்டில் குறிக்கப்பட்டிருக்கும். அதோடு ‘ஷாராட் ஞாத்தா’ எனப்படும் நிபந்தனை, ‘செக்காத்தான் கெப்பெந்திங்கான்’ எனப்படும் உரிமைக் கட்டுப்பாடு ஆகியவற்றையும் படிக்க வேண்டும். சில நிலங்களில் செம்பனை அல்லது பழ மரம் என்று பயிர் வகையே எழுதப்பட்டிருக்கும். மிகப் பழைய கிராண்டில் வகை குறிக்கப்படாமல் இருந்தால், கிராமப்புற நிலத்தைப் பொதுவாக விவசாய நிலமாகவே சட்டம் கருதும்.

விவசாய நிலத்தில் எந்தக் கட்டடம் எழலாம் என்பதை 115ஆவது பிரிவு கூறுகிறது. உரிமையாளரும் அங்கு வேலை செய்பவர்களும் குடியிருக்கும் வீடு, விளைபொருளைப் பதப்படுத்தும் கொட்டகை போன்றவை அதில் அடங்கும். “அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் ஆஸ்பத்திரி இருந்ததே, பள்ளிக்கூடம் இருந்ததே” என்று மூத்தவர்கள் கேட்கலாம். அந்த நிலத்தில் வேலை செய்யும் மக்களுக்கான கல்வி, மருத்துவ, நலன் வசதிகளுக்கு இதே பிரிவு இடம் தருகிறது. வெளியாரிடம் கட்டணம் வாங்கி நடத்தும் சிகிச்சை இல்லத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

அப்படிப்பட்ட இல்லம் நடத்த வேண்டுமானால் 124ஆவது பிரிவின் கீழ் நில வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கோலலங்காட் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போகும். முடிவு மாநில அரசாங்கத்தின் கையில். ஒப்புதல் கிடைத்தால் பிரீமியம் கட்ட வேண்டும், நில வரியும் மாறும்.

நிபந்தனையை மீறினால் 127ஆவது பிரிவு பாயும். குறைந்தது 500 ரிங்கிட் அபராதமும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தது 100 ரிங்கிட்டும் விதிக்கப்படலாம். சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தும் அசட்டையாக இருந்தால் நிலமே மாநில அரசாங்கத்துக்குப் போய்விடலாம். அப்போது அதிலுள்ள கட்டடங்களுக்கும் இழப்பீடு கிடையாது. மீறியவர் வாடகைக்காரராக இருந்தாலும் பறிபோவது உரிமையாளரின் நிலம்.

கிராண்ட் இல்லாமல் டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருப்பவர்களின் நிலை இன்னும் பலவீனமானது. அந்த உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும்.

நகராண்மைக் கழகத்தின் அனுமதி

நில அலுவலகத்தோடு வேலை முடிவதில்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றுவதும் ‘மேம்பாடு’தான். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல், இருக்கும் வீட்டைச் சிகிச்சை இல்லமாக மாற்றினாலும் கோலலங்காட் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் அனுமதி தேவைப்படலாம். அனுமதியின்றிச் செய்தால் 26ஆவது பிரிவின் கீழ் 500,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அந்த வட்டாரம் எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை ‘ரஞ்சாஙான் தெம்பாத்தான்’ எனப்படும் உள்ளூர்த் திட்டத்தில் பார்க்கலாம். அது பொதுமக்கள் பார்வைக்கு உரிய ஆவணம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க அவர்களுக்கு 21 நாள் அவகாசம் உண்டு.

சிகிச்சை உரிமம் மூன்றாவது

தனியார் மருத்துவ நிலையம் எதுவாக இருந்தாலும் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் வரும். 2006 முதல் அமலில் உள்ள இச்சட்டப்படி சுகாதார அமைச்சின் பதிவோ உரிமமோ இல்லாமல் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சங்கமாகப் பதிவு செய்திருப்பதும் நிறுவனமாகப் பதிவு செய்திருப்பதும் சிகிச்சை உரிமம் ஆகாது.

2018இல் ஜெஞ்சாரோம் கண்டது

நில விதியை மீறினால் ஓர் ஊருக்கு என்ன நேரும் என்பதை ஜெஞ்சாரோம் அனுபவித்திருக்கிறது. 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளை ஏற்பதை நிறுத்தியது. அந்தக் கழிவுகள் மலேசியா பக்கம் திரும்பின. கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் இருந்ததால் கோலலங்காட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி உரிமம் இல்லாத மறுசுழற்சி ஆலைகள் முளைத்தன. இரவில் நெகிழி எரியும் நாற்றத்தால் மக்கள் தூங்க முடியாமல் தவித்தனர். ஊர் மக்கள் ஒன்றுகூடி, படம் எடுத்து, இடங்களைக் குறித்து, தொடர்ந்து புகார் கொடுத்தனர். அதன் பிறகே அதிகாரிகள் 30க்கும் மேற்பட்ட சட்டவிரோத ஆலைகளை மூடினர். ஆயிரக்கணக்கான டன் கழிவு அங்கேயே கிடந்ததை வெளிநாட்டு ஊடகங்களும் படம் பிடித்துக் காட்டின.

வாடகைக்கு எடுத்தவர் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு வேறு இடம் போய்விடலாம். நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நில அலுவலகத்தின் நோட்டீஸ் கிராண்டில் உள்ள பெயருக்கே வரும்.

கையெழுத்துப் போடும் முன்

நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி ‘சாரியான்’ எடுத்து, கிராண்டின் இன்றைய நிலையையும் நிபந்தனைகளையும் பார்க்கலாம். வாடகைக்குக் கேட்பவரிடம் நில வகை மாற்ற ஒப்புதல், நகராண்மைக் கழகத்தின் அனுமதி, சுகாதார அமைச்சு அல்லது ஏஏடிகே கடிதம் ஆகிய மூன்றின் நகலையும் கேட்க வேண்டும். “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்பது அனுமதி ஆகாது. ஒப்பந்தத்தில் என்ன பயன்பாட்டுக்கு நிலம் விடப்படுகிறது என்று தெளிவாக எழுதி, உரிமையாளர் முன்னறிவிப்பு கொடுத்து வந்து பார்வையிடும் உரிமையையும் சேர்க்க வேண்டும். மலாய் மொழி ஒப்பந்தம் புரியாவிட்டால் கையெழுத்துக்கு முன் வழக்குரைஞரிடம் காட்டுவது நல்லது. சந்தேகம் எழுந்தால் வட்டார இந்திய சமூகத் தலைவர், நகராண்மைக் கழக உறுப்பினர் ஆகியோரை அணுகலாம். போதைப்பொருள் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் உடனே போலீசில் புகார் செய்வதே உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

மனச்சோர்வு, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றால் தவிப்போர்தான் இத்தகைய பெயர் தெரியாத மையங்களை நம்பிப் போகிறார்கள். அவர்களுக்கு அருகிலேயே வழி இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்தால், தேவைப்படுவோரைக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைப்பார்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவித் தொலைபேசி எண் 15555.