பழவேற்காடு: நங்கூரமிட இடம் தேடிய கப்பல்கள்

சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் புதுவாயல். அங்கிருந்து கிழக்கே பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காட்டை அடையலாம். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. துறைமுகம் என்று நூல்கள் குறிப்பிட்டாலும் இங்கு அலைத்தடுப்புச் சுவரோ, கப்பல் அணையும் மேடையோ இருந்ததில்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலிலேயே நின்றன.

கப்பலை நிறுத்த இடம் தேடும் மாலுமி முதலில் பார்ப்பது மறைவு. காற்றையும் அலையையும் தடுக்க ஒரு முனையோ தீவோ வேண்டும். அடுத்தது கடலடி மண். சேறும் களிமண்ணும் நங்கூரத்தை இறுகப் பிடிக்கும். பாறையில் அது வழுக்கும், அல்லது சிக்கிக்கொண்டு வராது. நங்கூரக் கயிற்றை ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளமாக விட வேண்டியிருப்பதால் கப்பல் சுற்றிவர இடமும் தேவை. காற்று திரும்பினால் கடலுக்குள் தப்பிச் செல்ல வழியும் இருக்க வேண்டும்.

சோழமண்டலக் கரை முதல் தேர்விலேயே தோற்றுவிடுகிறது. ஏறக்குறைய நேர்கோடாக, வங்காள விரிகுடாவை நோக்கித் திறந்து கிடக்கும் மணற்கரை அது. பழவேற்காட்டில் மறைவு இருந்தது, ஆனால் அது ஏரிக்குள் இருந்தது. ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு கடலைத் தடுத்து நிற்க, அதன் பின்னே உப்புநீர் ஏரி அமைதியாகக் கிடக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதால் சிறு படகுகள்தான் உள்ளே போக முடியும். பெரிய கப்பல்களுக்கு அந்த அமைதி கண்ணுக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை.

ஆகவே டச்சுக்காரர்களை இழுத்தது கடல் அல்ல, துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க அவர்களுக்குச் சோழமண்டலத் துணி தேவைப்பட்டது. 1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றனர். 1612இல் போர்த்துக்கீசியர் அவர்களது பண்டகசாலையைத் தாக்க, 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. துணியோடு அடிமைகளும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர் என்பதை மறைத்து இவ்வூரின் வரலாற்றை எழுத முடியாது.

ஆங்கிலேயரின் தேர்வு இன்னும் வியப்பானது. 1626இல் பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகானில் (துர்க்கராயபட்டினம்) அவர்கள் பண்டகசாலை அமைத்தனர். அங்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அலையின் வேகத்தை உடைத்து, ஓரளவு மறைவு தந்தது. இருந்தும் 1639இல் பிரான்சிஸ் டே சென்னையைத் தேர்ந்தார். துணி அங்கே மலிவு. மறைவோ துளியும் இல்லை. சரக்கையும் ஆளையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த அந்தப் படகுகள் அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும்.

இடம் தராத பாதுகாப்பைக் காலம் பார்த்துத்தான் பெற வேண்டியிருந்தது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை சென்னைக் கடலில் நிற்பது பேராபத்து எனக் கருதப்பட்டது. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே அக்டோபரிலும் அங்கேயே தங்கினார். அம்மாதப் புயல் ஒன்றில் அவரது கப்பல்கள் சில மூழ்கின, வேறு சில பாய்மரங்களை இழந்தன, பல நூறு பேர் மாண்டனர். கோட்டையைப் பிடித்த கடற்படையை ஒரே இரவுக் காற்று முடமாக்கியது.

மழைக்காலத்தில் போர்க்கப்பல்கள் ஒதுங்க ஏற்ற இடம் இலங்கையின் திருகோணமலை. நிலம் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. 1782 சனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பறித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதை அவர்களிடமிருந்து பறித்தார்.

டச்சுக்காரர்கள் 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். அதுவும் திறந்த கரைதான். இன்று பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள துறைமுகங்கள் அவை. பழவேற்காட்டு மீனவர்களோ முகத்துவாரம் மணலால் அடைபடாமல் இருக்க நிலையான ஏற்பாடு வேண்டுமென்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தனர்.