பட்டாளத்தார் பாதரக்ஷையும் நமது கைத்தொழிலும்

சென்னையினின்று மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்ரீபெரும்பூதூரையும் கண்டு, அங்கிருந்து தெற்கே திரும்பி ஒரகடம் வரையிற் சென்று பார்ப்போர்க்கு, இருபுறமும் ஆலைகளன்றி வேறொன்றும் எளிதிற் புலப்படாது. மோட்டார் வண்டியும் கண்ணாடியும் மின்கருவியும் செய்யும் அவ்வாலைகளில் வேலைக்கமரும் இளைஞனுக்கு முதலிற் கொடுக்கப்படுவனவற்றுள் ஒன்று, விரல்களைக் காக்கும் கெட்டி முனையுள்ள கனத்த ஜோடு. இது சிறு விஷயமாகத் தோன்றலாம். எனினும், வேலை வாங்குவோர் ஒருவன் காலுக்குத் தோல் கொடுத்து, அதனை அணிந்தே தீரவேண்டுமென்று கட்டளையிடும் வழக்கம் ஆலைகளுக்கு முன்னரே பட்டாளத்தில் வேரூன்றியதாகும். அவ்வழக்கத்தின் வரலாற்றில் நமது அருந்ததிய குலத்தாரின் கை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. யுத்த சரித்திரம் எழுதினோர் தளபதிகளின் பெயரை எழுதினர்; அவர்கள் ஏறிய குதிரைகளின் பெயரையுங்கூடச் சிலர் எழுதினர். செருப்புத் தைத்தவன் பெயரை எழுதினாரில்லை. ஆகவே இயன்றமட்டில் நாமே எழுதத் துணிந்தோம்.

ஸ்ரீபெரும்பூதூர்ச் சீமைக்குப் பட்டாளம் புதியதன்று. 1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலி கர்நாடகத்துட் புகுந்தபோது, கும்பினியாரின் சேனாபதிகளுள் ஒருவனான பெய்லி என்பான் குண்டூரினின்று படையுடன் தெற்கே வந்தான். கொற்றலையாற்றில் வெள்ளம் பெருகினமையால் அதன் வடகரையிற் பல நாள் தங்கிப் பின்னர்க் கடந்து, பேரம்பாக்கத்திற் திப்புவின் படையோடு பொருது, செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கருகே புள்ளலூரில் அடியோடு தோற்றான். இன்று ஆலைகள் நிற்கும் இடத்துக்கு இவ்வூர்கள் ஒருநாள் நடைத் தூரமே. அப்படையிற் பெரும்பாலார் இந்நாட்டுச் சிப்பாய்கள். அக்காலத்துச் சென்னைச் சிப்பாய் மேலே சீமைச் சிவப்புச் சட்டையும், இடையிற் குறுகிய சல்லடமும் தரித்து, காலில் வார்ச்செருப்பு மாத்திரம் அணிந்தவன். புள்ளலூருக்கு முந்தின இரவிலும் அவர்கள் நடந்தார்கள். ஈரத்தரையில் வார்ச்செருப்பு என்ன பாடுபடும் என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வார் நனைந்து நீளும்; குதிகால் வழுவும்; தையல் அறும். அறுந்ததை எடுத்துத் தைக்க இரவு நடையில் நேரம் ஏது?

அதே மாதம் 30-ஆம் நாள், வழி செப்பனிடவும் பாலங்கட்டவும் பயனியர் என்னும் பெயரால் இரண்டு கம்பெனி ஆட்கள் சேர்க்கப்பட்டனர். இந்நாளிற் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர் படை அந்நாளையே தன் பிறந்தநாளாகப் போற்றுகின்றது. மண்வெட்டியும் கோடரியும் சுமந்து, பீரங்கிக்கு முன்னே சென்று பாதை வெட்டிய அப்படையில் நம் ஆதிதிராவிட சகோதரர்கள் பெருந்தொகையினராய்ச் சேவித்தார்கள்.

1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றை நம்மவர் அறிவர். அக்கிளர்ச்சிக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, புதிய தலைப்பாகையிற் பதித்த தோற்குஞ்சம். தலைக்கு ஆகாத அத்தோல் காலுக்கு மாத்திரம் எக்காலத்தும் ஆகிவந்தது. அதனைப் பதப்படுத்தின கையோ எதற்கும் ஆகாததாயிற்று. நிற்க.

வார்ச்செருப்புப் போய் பூட்ஸ் வந்த காலத்தில் தோலின் தேவை பன்மடங்காயிற்று. பூட்ஸுக்கு இருவகைத் தோல் வேண்டும். அடிக்கு வேண்டுவது எருமை முதலியவற்றின் தடித்த தோல். மேற்புறத்துக்கு வேண்டுவது சிறு மாட்டின் மெல்லிய தோல். அடித்தோலுக்குக் கருவேலம்பட்டை கொண்டு பதனிடும் கான்பூர் பெயர்பெற்றது. மேற்றோலுக்கோ நமது சென்னை மாகாணத்துக்கு நிகரில்லை. சீமை வியாபாரிகள் அதனைக் 'கிழக்கிந்தியக் கிப்பு' என்று பெயரிட்டு வாங்கினார்கள். அதன் மேன்மைக்குக் காரணம் நம் வறண்ட காடுகளிற் தானே முளைத்துப் பொன்போற் பூக்கும் ஆவாரஞ்செடி. தோலை நீரில் ஊறவைத்து உப்பும் உதிரமும் போக்குதல், சுண்ணாம்புக் குழியிலிட்டு மயிர் தளர்த்தல், மழுங்கற் கத்தியால் மயிரும் கூர்ங்கத்தியால் உள்ளூனும் வழித்தல், ஆவாரம்பட்டைச் சாற்றிற் சில வாரங்கள் நாள்தோறும் புரட்டிப் போடுதல், பின் கடுக்காய்நீர் காட்டிப் புங்கெண்ணெய் தடவி நிழலில் உலர்த்துதல் என்னும் இம்முறை பார்வைக்கு எளிது. ஒரு நாள் தப்பினாலும் தோல் கெடும். சுண்ணாம்பு எத்தனை நாள் போதும் என்பதை அறிய அக்காலத்தில் யந்திரமில்லை. குழியில் இறங்கினவன் தோலைத் தன் விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லுவான். அவ்விரலின் நகக்கண்ணைச் சுண்ணாம்பு தின்றிருக்கும். பல்லாவரம், மாதவரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் மண்டி பெரும்பாலும் முஸ்லிம் வர்த்தகர்களுடையது. குழியில் நின்றவர்களுட் பெரும்பாலார் நம்மவரும் ஆதிதிராவிடருமே.

1903-ஆம் ஆண்டிற் சாட்டர்ட்டன் துரை சென்னைக் கலாசாலையிற் குரோமிய உப்பினாற் பதனிடும் முறையைச் சோதித்தார். கிணற்றுக் கவலைச் சால் நெடுநாள் நீரிற் கிடந்தும் அழுகாதிருக்க வேண்டுமென்பது அவருக்கிருந்த முக்கிய நோக்கங்களுள் ஒன்று. ஜோடு தைத்தலும் உடன் நடந்தது. பின்னர்த் தோன்றிய குரோம் தோற் கம்பெனியின் பெயரே குரோம்பேட்டை என ஓர் ஊருக்குப் பெயராய் நிலைத்துவிட்டது. ஊருக்குப் பெயரிட்ட தொழில் அதுவாயினும், முதல் மகாயுத்தத்தில் உலகை நடக்கவைத்தது பழைய ஆவாரந்தோலே. 1914-இல் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சைனியத்துக்கு அளவிறந்த பூட்ஸ் வேண்டியிருந்தது. 1916-இல் துரைத்தனத்தார் கிப்புத் தோலின் ஏற்றுமதியைத் தங்கள் கையிற் கொண்டு, யுத்த இலாகாவின் பொருட்டு மொத்தமாய் வாங்கலானார்கள். பிரான்ஸ் தேசத்துச் சேற்றில் நின்ற வெள்ளைக்காரன் காலையும் நம் மாகாணத்துத் தோல் மூடியிருந்தது. கான்பூரிற் சர்க்கார் சேணத் தொழிற்சாலையும் கூப்பர் ஆலன் கம்பெனியும் இந்திய சைனியத்துக்குத் தைத்துக் கொடுத்தன. பூட்ஸின் உள்ளே தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். குழியில் நின்றவனுக்கு முத்திரை ஏது?

பூட்ஸைக் கொடுத்துவிட்டால் மாத்திரம் ஆயிற்றா? 1914-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியப் படை மார்சேய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கிற்று. குளிர்காலம் பதுங்குகுழியிற் கழிந்தது. நனைந்த பூட்ஸைக் கழற்றாது நாட்கணக்கில் நின்றமையாற் கால் மரத்து, வீங்கி, நிறமாறி, சிலர்க்கு அழுகி அறுத்தெறியவும் நேர்ந்தது. அக்குளிர்காலத்திற் பிரிட்டிஷ் சைனியத்தில் மாத்திரம் சுமார் 20,000 பேர் இவ்வியாதியால் வருந்தினர். பின்னரே கட்டளைகள் பிறந்தன: நாள்தோறும் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும், உலர்ந்த காலுறை மாற்ற வேண்டும், அதிகாரி தன் ஆட்களின் காலைத் தானே பார்வையிட வேண்டும். மேலதிகாரி ஒருவர் குனிந்து சிப்பாயின் உள்ளங்காலைப் பார்க்கும்படி விதி ஏற்பட்டது அவ்யுத்தத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

பூட்ஸ் காக்கும் முறையை நம் முதியோர் நன்கறிவர். நனைந்த ஜோட்டை நெருப்பருகே வைக்கலாகாது, தோல் வெடிக்கும். உள்ளே துணியோ வைக்கோலோ அடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் கொழுப்பும் எண்ணெயும் கலந்த மெழுக்கைத் தையல்வாயில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அடியில் அறைந்த ஆணி ஒன்று விழுந்தாலும் உடனே அறைந்துவிட வேண்டும். இன்றேல் அடுத்த ஆணிகளும் தளரும். இவ்வேலைக்கென்று பட்டாளந்தோறும் தோல்வேலைக்காரர் வைக்கப்பட்டனர். வடநாட்டுப் படைகளில் அவருக்கு மோச்சி என்று பெயர். நம் நாட்டில் என்ன பெயரென்று வினவின், 1886-இல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியைக் காண்க. பிறர் நம்மை இழித்தழைத்த ஜாதிப்பெயரையே திரித்துத் தோல்வேலைக்காரனுக்குரிய சொல்லாக ஆங்கிலேயர் வழங்கினர் என்பது அங்கே விளங்கும். ஒருவன் ஜாதியும் தொழிலும் ஒரே சொல்லாய் முடிந்தபின், அவனுக்கென ஒரு பெயர் எதற்கு என்று கருதினர் போலும்.

இவர்கள் போர்வீரராகக் கணக்கிடப்பட்டாரில்லை. தோட்டி, நாவிதன், வண்ணான், தண்ணீர் சுமப்போன் ஆகியோரோடு 'பின்தொடர்வோர்' என்னும் வகுப்பில், அதிலும் தாழ்ந்த படியில் வைக்கப்பட்டனர். சம்பளம் சிப்பாயினும் குறைவு. குண்டு விழுமிடத்தில் மாத்திரம் வேற்றுமை இருந்ததில்லை. 1917-இல் ஆள்பஞ்சம் நேர்ந்த பின்னரே இவர்களுடைய சம்பளத்தையும் சலுகைகளையும் சர்க்கார் சிறிது திருத்தினர்.

இனி ஊர்நிலை நோக்குவோம். பட்டாளத்துக்குத் தோல் பதனிட்ட இதே செங்கற்பட்டு, வடஆர்க்காடு ஜில்லாக்களிற் பல ஊர்களில், தாழ்த்தப்பட்டோர் செருப்பணிந்து உயர்ஜாதித் தெருவில் நடத்தல் குற்றமாகக் கருதப்பட்டது. தைத்தவனே தைத்ததை இடுக்கிக்கொண்டு வெறுங்காலில் நடக்க வேண்டும். செங்கற்பட்டு ஜில்லா கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானங்கொணர்ந்து, பொதுச்சாலை, கிணறு முதலியவற்றில் யாவரும் செல்ல உரிமையுண்டென்று நிறைவேறச் செய்தார். சர்க்கார் உத்தரவும் அவ்வாண்டே பிறந்தது. 1938-இல் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியாற் சட்டமும் ஏற்பட்டது. உத்தரவு காகிதத்திலிருந்து தெருவுக்கு வருவதற்கு எத்தனை ஆண்டு சென்றதென்பதை அவரவர் வீட்டு முதியோரைக் கேட்டால் தெரியும்.

சுதந்திரத்தின்பின் நேர்ந்த ஒன்றையும் கூறல் தகும். 1962-இல் இமயமலை எல்லையிற் சீனரை எதிர்க்க அனுப்பப்பட்ட நம் வீரர் பலர், பனிக்கேற்ற பூட்ஸின்றிக் கான்வாஸ் ஜோட்டோடு நின்றனர். துப்பாக்கியின் குறையைப் பேசினோர் பலர். ஜோட்டின் குறையைப் பேசினோர் சிலர். சேணத் தொழிற்சாலையின் வழிவந்த கான்பூர் ராணுவ உபகரணத் தொழிற்சாலை, 2021-இல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்னும் சர்க்கார் கம்பெனியின் கீழ்ச் சேர்க்கப்பட்டது. அக்கம்பெனியைச் சேர்ந்த ஆவடி ஆடைத் தொழிற்சாலை நம் ஸ்ரீபெரும்பூதூருக்கு அணித்தே உள்ளது. இக்காலத்து ராணுவ பூட்ஸ் பலவற்றில் அடித்தளம் தைக்கப்படுவதில்லை. ரப்பரைச் சூட்டினால் மேற்றோலோடு ஒன்றாய்ப் பிணைத்துவிடுகின்றனர். நீர் புகாது, நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் தேய்ந்தபின் அடியைப் பிரித்து மாற்றுதல் அரிதாகையால், ஊசியும் குத்துளியுங்கொண்டு பிழைத்த பட்டாளத் தோல்வேலைக்காரனுக்கு அங்கே வேலை சுருங்கிற்று.

தோல் விஷயமான ஆராய்ச்சி அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகின்றது. காலணி வடிவமைப்புக் கற்பிக்கும் மத்திய சர்க்கார் கல்விநிலையம் இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கின்றது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனத்தின் கிளை அது. குழியில் நின்றவரின் பேரனும் பேத்தியும் அங்கே மாணாக்கராய்ச் சேர்வதற்குத் தடையில்லை. அங்ஙனம் சேர்ந்துள்ளோர் நம் குடும்பங்களில் எத்தனைபேர் என்னும் கணக்கைச் சங்கத்தார் எடுத்தல் நலம்.

அதனோடு மற்றொரு கணக்கும் எடுக்க விரும்புகின்றோம். பாட்டனாரோ பெரியப்பாவோ பட்டாளத்தில் தோல்வேலைக்காரராகவோ சாப்பராகவோ இருந்திருப்பின், அவருடைய விடுதலைச் சீட்டு, மெடல், புகைப்படம், அல்லது அவர் கையாண்ட உளி, கால்அச்சு இவற்றுள் எது வீட்டிலிருப்பினும் சங்கக் காரியாலயத்துக்கு எழுதித் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம். மூலத்தை அனுப்ப வேண்டாம்; பிரதியே போதும். பெயர், ஊர், சேவித்த படை, ஆண்டு ஆகிய நான்கும் தெரிந்தமட்டில் இருக்கட்டும். வந்தவற்றை அடுத்துவரும் இதழ்களில் வெளியிடுவோம்.