ஒரு மலையும் அதன் பெயர்களும்

பழைய சிவப்பு நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளும் கடலும் கலங்கரை விளக்கமும் கொண்ட காட்சி ஒன்றுண்டு. தென் அந்தமானிலுள்ள ஹாரியட் மலையிலிருந்து காணும் காட்சியே அது. சாத்தம் துறையில் படகேறி, மறுகரையில் பாம்பூ பிளாட்டில் இறங்கி, படாக் மரங்கள் செறிந்த காட்டினூடே நாம் அம்மலைக்குச் சென்றோம். உயரம் 383 மீட்டரே. ஆயினும் அது சுமக்கும் வரலாறு பெரிது.

1858இல் ஆங்கிலேயர் இங்குக் கைதிகளின் குடியிருப்பை நிறுவினர். 1862 முதல் 1864 வரை அதன் தலைமை அதிகாரியாயிருந்த இராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட். 1857இல் தில்லி முற்றுகையின்போது வண்டியொன்றில் மகவு ஈன்ற மாதரசி அவர். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று.

1872 பிப்ரவரி 8 அன்று வைசிராய் மேயோ பிரபு இம்மலையேறினார். நோயாளிகள் தங்கி நலம்பெற இவ்விடம் ஏற்றதா எனக் காண்பதே அவர் நோக்கம். கதிரவன் மறைவைக் கண்டு இறங்கியவர், தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் படகுத்துறையை அடைந்தபோது ஷேர் அலி அப்ரிதி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். பதவியிலிருக்கையில் கொலையுண்ட வைசிராய் இவர் ஒருவரே. 1872 மார்ச் 11 அன்று ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

1891இல் ஆங்கிலேயரோடு பொருது தோற்ற மணிப்பூரின் மன்னர் குலசந்திர சிங்கும் அவரைச் சார்ந்தோரும் இத்தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்கள் நினைவாக 2021இல் இம்மலை ‘மணிப்பூர் மலை’ எனப் பெயர்பெற்றது. அயலார் சூட்டிய பெயர் நீங்கி, அயலாரை எதிர்த்தோர் பெயர் நிலைபெற்றது முறையே.

எனினும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹாரியட் அம்மையார் இங்கு வந்தவர். மணிப்பூரார் இங்குக் கொணரப்பட்டவர். இவ்விரு சாராருக்கும் நெடுங்காலம் முன்பே இத்துறைமுகத்தைச் சூழ்ந்த காடுகளில் வாழ்ந்தோர் ஆகா-பேயா என்னும் தொல்குடியினர். குடியேற்றத்தோடு வந்த கொள்ளைநோய்கள் அவர்களை வாட்டின. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் அவ்வினம் அற்றுப்போயிற்று. அவர்தம் நாவில் வழங்கிய சொல் எதுவும் இம்மலையின் பெயர்ப்பலகையில் ஏறவில்லை.

பெயரிடும் உரிமை அவ்வக்காலத்து ஆட்சியாளரிடமே இருந்து வந்துள்ளது. ஆதலின் பெயர்ப்பலகையை மட்டும் படிப்பது வரலாற்றைப் படிப்பதாகாது. இம்மலையேறும் நம்மவர், வைசிராயின் முடிவையும் மணிப்பூராரின் துயரையும் பேசுமிடத்து, காட்டின் முதற்குடிகளையும் நினைந்து பேசுவாராக.