ஓசிச் சிரிப்பு யார் செலவில்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

"ஓசியில் கிடைச்சா பினாயிலைக் கூடக் குடிப்பான்" என்று நம்மூரில் ஒரு சொலவடை உண்டு. இணையம் வந்த புதிதில் அதை மேய்ந்தவர்கள் பாதிப்பேர் இந்த ரகம்தான். ஜோக்கு, செய்தி, காமிக்ஸ் மூணுமே காசில்லாமல் கிடைத்தது. "எப்படிக் கிடைக்குது, யாரு காசு குடுக்குறாங்க" என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் இந்தப் பதிவில் கையில் எடுத்திருக்கிறேன். கதை நடக்கிற இடம் அமெரிக்காவும் கொஞ்சம் கனடாவும். ஆனா எழுதுகிற எல்லாருக்கும் பொருந்துகிற கதை.

ஜோக்கில் ஆரம்பிப்போம்

வலைத்தளங்கள் வருவதற்கு முன்பே யூஸ்நெட் இருந்தது. 1979-80ல் டியூக் பல்கலைக்கழகமும் வடகரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்த மாணவர் கூட்டணி உருவாக்கியது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு போன் போட்டு, புதுசா வந்த மடல்களை எல்லாம் தள்ளிவிடும். அது அடுத்ததுக்குத் தள்ளும். நம்ம கிராமத்துல சேதி பரவுற அதே டெக்னாலஜி :-)

அதில் நெட்.ஜோக்ஸ் என்று ஒரு குழுமம். சில ஜோக்குகள் சிலரைப் புண்படுத்தும் இல்லையா? அதுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ராட்-13. ஆங்கிலத்தின் 26 எழுத்தில் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளிப் போட்டுவிடுவது. பார்க்க உளறல் மாதிரி இருக்கும். இன்னொரு தடவை 13 தள்ளினால் பழைய எழுத்து வந்துவிடும். படிக்கணும்னா நீங்களே தள்ளிப் பார்த்துப் படிச்சுக்கணும், அப்புறம் மனசு புண்பட்டுச்சுன்னு சண்டைக்கு வரக்கூடாது. நம்ம 247 எழுத்துக்கு இதைச் செய்திருந்தால் 123 தள்ளுறதா 124 தள்ளுறதான்னு பட்டிமன்றம் வைக்க வேண்டியிருக்கும்.

கூட்டம் பெருகினதும் குப்பையும் பெருகியது. ஒரே ஜோக்கு மாசத்துக்கு நாலு தடவை வரும். 1987ல் கனடாவின் வாட்டர்லூவில் இருந்த பிராட் டெம்பிள்டன், ரெக்.ஹ்யூமர்.ஃபன்னி என்று ஒரு குழுமம் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆனா அவர் படித்துச் சிரித்தால்தான் வெளியே வரும். ஒரு மனுஷன் ஓசியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான ஜோக்கைப் படிக்கணும். அதில் பெரும்பாலானவை மொக்கை. நினைச்சுப் பாருங்க, என்ன ஒரு தண்டனை!

1988 கடைசியில் பிரச்சினை வந்தது. யூதர், ஸ்காட்லாந்துக்காரர் பற்றிய ஒரு பழைய ரக ஜோக்கு. ஒருத்தர் எதிர்ப்புக் கிளப்ப, விஷயம் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போனது. வாட்டர்லூ பல்கலைக்கழகம் தன் கம்ப்யூட்டர்களில் அந்தக் குழுமத்தை நிறுத்தியது. 1989 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டும் அதையே செய்தது. அங்கே எதிர்த்து நின்றவர் ஜான் மெக்கார்த்தி, செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பெயர் வைத்தவர். நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து எறிவதும் இதுவும் ஒண்ணுதான் என்பது அவர் வாதம். ஆசிரியர்களும் மாணவர்களும் கையெழுத்துப் போட, ஸ்டான்ஃபோர்டு தடையை விலக்கிக்கொண்டது.

இந்தச் சண்டையில் எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். ஒரு பல்கலைக்கழகத்தால் எப்படி நிறுத்த முடிந்தது? மெஷின் அவங்களோடது, போன் பில்லும் அவங்க கட்டினது! மாணவனுக்கு ஜோக்கு இலவசம். ஆனால் யாரோ கட்டுகிற பில்லில் ஓடுகிற இலவசம். பில் கட்டுறவன் நினைச்சா பிளக்கைப் பிடுங்கலாம்.

இன்னொண்ணும் கவனியுங்க. அந்த ஜோக்குகளில் அனுப்பியவரின் முகவரி இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. யாருக்கும் தெரியாது.

செய்தி: பில்லைக் கட்டியது யார்?

இதே டெம்பிள்டன் 1989ல் கிளாரிநெட் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். யு.பி.ஐ. செய்தி நிறுவனத்தின் செய்திகளை வாங்கி, யூஸ்நெட் குழுமங்களாகப் பிரித்து அனுப்புவது. பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் மொத்தமாகச் சந்தா கட்டும். உள்ளே இருக்கிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி, பந்தியில் உக்காந்தவனுக்கு ஓசி, பொண்ணைப் பெத்தவருக்குத்தான் பில் தெரியும். 1997ல் டெம்பிள்டன் அந்தக் கம்பெனியை விற்றுவிட்டார்.

ஏன் விற்கணும் என்றால், அதற்குள் பத்திரிகைகளே வலையில் கடை போட்டுவிட்டன. சி.என்.என். 1995 ஆகஸ்டில். நியூயார்க் டைம்ஸ் 1996 ஜனவரியில். டைம்ஸ் முதலில் ஒரு கூத்துப் பண்ணியது. உள்நாட்டுக்காரர்களுக்கு இலவசம், நம்மைப் போல வெளிநாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்குக் கட்டணம்! 1997ல் அதை எடுத்துவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் காசில் 1996ல் பிறந்த ஸ்லேட் இதழ், 1998 மார்ச்சில் வருஷத்துக்கு 19.95 டாலர் சந்தா என்று அறிவித்தது. சந்தா கட்டுகிறவர்களுக்குக் குடை இலவசம். தீபாவளி மலரோடு இலவச இணைப்பு வாங்கிப் பழகின நமக்கு இது புதுசில்லை. ஆனா குடையும் எடுபடலை. 1999 பிப்ரவரியில் ஸ்லேட் மறுபடி இலவசமானது. பக்கத்துக் கடையில் சும்மா கிடைக்கும்போது எவன் காசு குடுப்பான்?

ஆக, ஜோக்குக்குப் பல்கலைக்கழகம் கட்டியது. செய்திக்கு முதலில் சந்தா கட்டிய நிறுவனங்கள், பிறகு விளம்பரக்காரர்களும் பத்திரிகை முதலாளிகளும். சரி, எழுதுகிறவன் என்ன கட்டினான்? இங்கேதான் மேட்டரே ஆரம்பிக்குது.

அன்பால் அழிக்கிறவன்

டேவ் பாரி என்று மயாமி ஹெரால்டு பத்திரிகையில் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர். 1988ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். அவர் பத்தியை அமெரிக்கா முழுக்கப் பல பத்திரிகைகள் காசு கொடுத்து வாங்கிப் போட்டன. 1993ல் மயாமி ஹெரால்டின் உரிமையாளரான நைட்-ரிடர் நிறுவனம், இந்தப் பத்தி எங்கெல்லாம் சுடப்படுகிறது என்று தேட ஆரம்பித்தது. அவர் ரசிகர்களுக்கான யூஸ்நெட் குழுமத்தில் அப்படியே போட்டிருந்தார்கள். 2,000 பேர் இருந்த ஒரு மின்மடல் குழுவிலும் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டச்சி அனுப்பியவர்களில் ஒருவன் பள்ளிக்கூடப் பையன். எதுக்குப்பா இப்படின்னா, டேவ் பாரியை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும், எல்லாரும் படிக்கணுமாம்!

கிளே ஷெர்கி 2009ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் சொல்கிறார். அப்போது நியூயார்க் டைம்ஸின் இணையப் பிரிவில் இருந்த கார்டி தாம்ப்சன் இதைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: ஒரு சின்னப் பையன் வெறுப்பால் இல்லாமல் பிரியத்தால் உன் தொழிலைப் படுக்க வைக்க முடியும் என்றால், உனக்குப் பெரிய சிக்கல் காத்திருக்கு.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு விஷயத்தைப் பாருங்க, டேவ் பாரி ரசிகன் டேவ் பாரி பெயரை எடுக்க மாட்டான். காசு போனாலும் பெயர் நின்றது. பெயரும் போனவர்கள் கதைதான் அடுத்தது.

பெயர் உதிர்ந்த கதைகள்

விஸ்கான்சினில் 1988ல் மாணவர்கள் தொடங்கிய நையாண்டிப் பத்திரிகை தி ஆனியன். 1995 டிசம்பரில் ஒரு போலிச் செய்தி போட்டார்கள். போஸ்னியாவின் ஊர்ப் பெயர்களில் உயிரெழுத்துப் பஞ்சம், அதனால் கிளின்டன் விமானத்தில் உயிரெழுத்துகளை அனுப்பி வைக்கிறார் என்று. மின்மடலில் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறும்போது முதலில் உதிர்ந்தது ஆனியனின் பெயர். வானொலியில்கூட மூலம் சொல்லாமல் வாசித்தார்கள். 1996ல் ஆனியன் சொந்த வலைத்தளம் தொடங்கியதற்கு, "இது எங்க சரக்கு" என்று காட்ட வேண்டிய அவசியமும் ஒரு காரணம்.

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. 1997 ஜூன் 1ஆம் தேதி சிகாகோ டிரிப்யூனில் மேரி ஷ்மிக் ஒரு பத்தி எழுதினார். பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு அறிவுரை, வெயிலுக்கு சன்ஸ்கிரீன் தடவுங்கப்பா என்கிற ரீதியில். ஆகஸ்ட் மாதம் அதே பத்தி உலகம் முழுக்க மின்மடலில் சுற்றியது, "எழுத்தாளர் கர்ட் வானகட் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவில் பேசியது" என்ற தலைப்போடு. அந்த வருஷம் எம்.ஐ.டி.யில் பேசியவர் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான்! வானகட்டின் மனைவிக்கே அந்த மடல் வந்து, அவரும் நாலு பேருக்கு அனுப்பினாராம். கட்டின புருஷன் எழுதினதா இல்லையான்னு வீட்டுலயே கேட்டிருக்கலாம்.

நல்ல வேளையாக இதற்கு ஒரு நல்ல முடிவு உண்டு. ஆஸ்திரேலிய இயக்குநர் பாஸ் லுர்மன் இதைப் பாட்டாக்க நினைத்து, அனுமதிக்காக வானகட்டைத் தேடப் போக, அதே இணையத்தில் உண்மையான ஆசிரியர் பெயர் கிடைத்தது. ஷ்மிக்கிடம் அனுமதி வாங்கினார்கள். 1999ல் அந்தப் பாட்டு பெரிய ஹிட். பெயர் திரும்பி வந்த பிறகுதான் எழுதியவருக்கான மரியாதையும் வந்தது.

காமிக்ஸ்காரர்கள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள்?

எழுத்தை வெட்டி ஒட்டும்போது கடைசி வரியை விட்டுவிடுவது சுலபம். படத்தில் அது அவ்வளவு சுலபமில்லை, கையெழுத்து கோட்டோடு கோடாக இருக்கும். டேவிட் ஃபார்லி 1993 செப்டம்பரில் டாக்டர் ஃபன் என்ற ஒற்றைக் கட்டக் கேலிச்சித்திரத்தை வலையில் போட ஆரம்பித்தார். மொசைக் உலாவி வந்து சில மாதங்களே ஆன நேரம். வலையில் தொடர்ந்து வந்த முதல் கார்ட்டூன்களில் ஒன்று. 2006 ஜூன் வரை வந்தது, மொத்தம் 2,600 சித்திரங்கள். எல்லாமே இலவசம். எல்லாவற்றிலும் அவர் பெயர்.

ஸ்காட் ஆடம்ஸ் இன்னும் கெட்டிக்காரர். 1989ல் தொடங்கிய டில்பர்ட் சுமாராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1993ல் தன் மின்மடல் முகவரியைப் படத்துக்குள்ளேயே எழுத ஆரம்பித்தார். மடல்கள் குவிந்தன. எல்லாரும் ஆபீஸ் கதையைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் டில்பர்ட்டை முழுசாக ஆபீசுக்குள் கொண்டுபோனார். மீதி உங்களுக்கே தெரியும். அப்புறம் 1995ல் டில்பர்ட் வலைத்தளம் வந்தது. யார் எங்கே சுட்டுப் போட்டாலும் முகவரியும் சேர்ந்தே போகும். திருடனே விளம்பரப் பலகையைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தின மாதிரி!

ஆனால் கம்பெனி அப்படிப் பார்க்கவில்லை. 1996ல் பிரின்ஸ்டன் மாணவர் ஒருவர் டில்பர்ட்டுக்குத் தனிப்பக்கம் செய்தார். படத்தை நகலெடுக்கவில்லை, யுனைடெட் மீடியாவின் சர்வரில் இருந்தே நேராக வந்து விழுகிற மாதிரி இணைப்பு மட்டும். வக்கீல் கடிதம் வந்தது, பக்கத்தை எடுத்துவிட்டார். படம் இலவசம்தான், ஆனால் கம்பெனியின் வாசல் வழியாக வந்து அங்கே தொங்குற விளம்பரத்தைப் பார்த்துட்டுப் போகணும். அந்த இலவசத்துக்கு நாம கொடுத்த விலை அதுதான்.

கடைசியாக

அந்தக் கல்யாணப் பந்தி இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. நியூயார்க் டைம்ஸ் 2011ல் கட்டணத்துக்கு மாறியது. ஆடம்ஸின் இனவெறிப் பேச்சுக்காக 2023ல் பத்திரிகைகள் டில்பர்ட்டைத் தூக்கியதும், அது கட்டணத் தளத்துக்குப் போனது. பழைய காமிக்ஸ் எல்லாம் கொட்டிக் கிடந்த கோகாமிக்ஸ் தளமும் 2025ல் கதவைச் சாத்திக் காசு கேட்டது. 2013ல் அச்சை நிறுத்திய ஆனியன், 2024ல் மறுபடி அச்சுக்கு வந்து சந்தா வாங்குகிறது. இவர்களால் கேட்க முடிகிறது. காரணம், அவங்க பெயர் நமக்குத் தெரியும்.

நெட்.ஜோக்ஸில் ஊரைச் சிரிக்க வைத்த அந்த முதல் ஆளால் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அவர் யாரென்றே தெரியாது. ஓசி யாரையும் கொல்லவில்லை மக்களே. பெயரை வெட்டுகிற கத்தரிக்கோல்தான் கொன்றது. இன்றைக்கு வாட்ஸப்பில் "படித்ததில் பிடித்தது" என்று வருகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ராத்திரி கண் முழிச்சு எழுதின ஒரு ஆள் இருக்கார். அடுத்த தடவை அனுப்பும்போது, பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்க. தெரியலைன்னா, ஒரு நிமிஷம் தேடிப் பார்த்துட்டு அனுப்புங்க.

டிஸ்கி: இந்தப் பதிவையும் யாராவது சுடணும்னா தாராளமா சுட்டுக்கலாம். மேலே சொன்ன நிபந்தனை இதுக்கும் உண்டு :-)