ஃபெராரியை முந்திய லோடு வண்டி

அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, தன்னுடைய 1991 செப்டம்பர் இதழுக்காக ஒரு வம்பான காரியம் செய்தது. ஒரு பக்கம் இத்தாலியின் ஃபெராரி 348. விலை 1,20,000 டாலருக்கு மேல். இன்னொரு பக்கம் ஜி.எம்.சி. கம்பெனியின் 'சைக்ளோன்'. விலை சுமார் 26,000 டாலர். பார்த்தால் தச்சரும் பிளம்பரும் சாமான் ஏற்றிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி சின்ன பிக்-அப். முன்னால் கேபின், பின்னால் திறந்த பாடி. அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கால் மைல் தூரம் ஓட விட்டார்கள்.

ஜெயித்தது லோடு வண்டி! 14.1 செகண்ட். ஃபெராரிக்கு 14.5.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள். கோட்டைத் தாண்டிய நிமிஷத்தில் அதிக வேகத்தில் இருந்தது ஃபெராரிதான். இன்னும் கொஞ்சம் ரோடு இருந்திருந்தால் லோடு வண்டி பின்தங்கியிருக்கும். சைக்ளோன் ஜெயித்தது புறப்பாட்டில். 280 குதிரைசக்தி கொண்ட டர்போ இன்ஜின், அந்தச் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் (முன்னால் 35 சதவிகிதம், பின்னால் 65) பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டயர் வீணாகச் சுழலாமல் ரோட்டைக் கவ்விக்கொண்டு பாய்ந்துவிட்டது.

சரி, அந்த லோடு வண்டி எவ்வளவு லோடு ஏற்றும்? கம்பெனி அனுமதித்தது 500 பவுண்ட். அதாவது 227 கிலோ. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை நாலு போடலாம். ஐந்தாவது கூடாது! மண் ரோட்டில் ஓட்டாதீர்கள் என்று அறிவுரை வேறு. பின் பாடிக்கு அழகாக ஒரு துணி மூடி போட்டு மூடியே கொடுத்தார்கள். 'இதில் எதையும் போட்டுவிடாதீர்கள்' என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

சின்ன லோடு வண்டிக்கு ஒரு 'ஸ்போர்ட்ஸ்' அவதாரம் தேவையா என்ற கேள்வி அமெரிக்காவில் அவ்வப்போது கிளம்பும். கார் பைத்தியங்களின் வெட்டிப் பேச்சு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், அந்த நாட்டில் சின்ன பிக்-அப் கிடைப்பதே அபூர்வமாகிப்போன வரலாறு தெரிந்தால், கேள்வியின் கனம் புரியும்.

அந்த வரலாறு கோழியில் ஆரம்பிக்கிறது. சிரிக்காதீர்கள்! 1962இல் ஐரோப்பிய நாடுகள், மலிவாக வந்து குவிந்த அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏற்றின. அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் என்ற ஒட்டுப்பசை மாவு, பிராந்தி, சின்ன லாரிகள் - வெளிநாட்டிலிருந்து வரும் இந்த நாலுக்கும் 25 சதவிகித வரி. குறி வைத்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேன்களுக்கு. மற்ற பொருள்களின் மேல் போட்ட வரி காலப்போக்கில் போய்விட்டது. லாரி வரி மட்டும் சட்டமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு 'கோழி வரி' என்றே பெயர்.

வரி என்று வந்தால் வழியும் வரும் இல்லையா? ஜப்பானியர்கள் பின் பாடி இல்லாமல் வெறும் கேபினும் சேஸிஸுமாக அனுப்பி, அமெரிக்காவில் பாடியை மாட்டினார்கள். அதற்கு வரி 4 சதவிகிதம்தான். (1980இல் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.) சுபாரு கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. 'பிராட்' என்ற குட்டி பிக்-அப்பின் பின் பாடியில் இரண்டு பிளாஸ்டிக் சீட்டுகளைப் பொருத்தி, 'இது லாரி இல்லை, ஆட்கள் உட்காரும் கார்!' என்று சாதித்தது. காற்றில் முடி பறக்க, பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து போகவேண்டும். ரொனால்ட் ரீகன்கூட தன் பண்ணையில் ஒரு பிராட் வைத்திருந்தார்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சின்ன வண்டிகளுக்குக் கிராக்கி கூடியது. செவர்லே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர் என்று 1980களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கம்பெனிகளே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தன. சைக்ளோன் பிறந்தது இந்த எஸ்-10 குடும்பத்தில்தான்.

ஆனால், லோடு வண்டியை வேகமாக ஓடவிடும் ஆசைக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதற்கு முன்னால் வந்த ஒரு பெரிய வண்டி. 1970களில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அமெரிக்கக் கார்களின் மூச்சை அமுக்கிவிட்டன. டாட்ஜ் கம்பெனியின் இன்ஜினீயர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். லோடோடு சேர்த்து 6,000 பவுண்டுக்கு மேல் எடை வரும் டிரக்குகளுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமில்லை என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான்! 1978இல் 'லிட்டில் ரெட் எக்ஸ்பிரஸ்' என்று சிவப்பு வண்ணத்தில் ஒரு பிக்-அப் வந்தது. கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும் சைலன்சர்கள். பின் பாடியில் மரப்பலகை வேலைப்பாடு. 225 குதிரைசக்தி. இதே 'கார் அண்ட் டிரைவர்' சோதித்துப் பார்த்தபோது, மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடுவதில் அந்த வருஷத்து அமெரிக்க வண்டிகளை எல்லாம் இந்த லாரி முந்தியது. அடுத்த வருஷமே ஓட்டையை அடைத்துவிட்டார்கள். 1979 மாடலுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வேகமான லாரி வேண்டும் என்று எந்த விவசாயியும் மனுப்போடவில்லை. சட்டத்தில் இடம் இருந்தது, நுழைந்தார்கள். சைக்ளோனும் அப்படித்தான். யாருடைய தேவைக்காகவும் செய்யப்பட்டதல்ல. 'எங்களாலும் முடியும்' என்று ஒரு கம்பெனி மீசையை முறுக்கியதன் விளைவு. 1989இல் கரோல் ஷெல்பி என்ற பழைய ரேஸ்காரர், டாட்ஜ் டகோட்டா பிக்-அப்பில் ஒரு வி-8 இன்ஜினைத் திணித்து 1,500 வண்டிகள் விற்றதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

மீசை முறுக்கல் எத்தனை நாள் ஓடும்? சைக்ளோன் நடைமுறையில் ஒரே ஒரு வருஷம்தான். மொத்தம் மூவாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவாகவே தயாரானது. அந்த விலைக்குச் சாதாரண சின்ன பிக்-அப் இரண்டு வாங்கி, இரண்டிலும் சிமென்ட் அடிக்கலாமே! அதே இன்ஜினை 'டைஃபூன்' என்ற மூடிய ஜீப் மாதிரியான வண்டிக்கு மாற்றி 1993 வரை விற்றார்கள். அப்புறம் அதுவும் போயிற்று.

வேகப் பைத்தியம் அதற்கப்புறம் பெரிய வண்டிகளுக்கு இடம் மாறியது. ஃபோர்டின் 'லைட்னிங்' வந்தது. டாட்ஜ் ஒரு படி மேலே போய், வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரின் 8.3 லிட்டர் இன்ஜினை ராம் பிக்-அப்பில் பொருத்தியது. 500 குதிரைசக்தி! 2004இல் மணிக்கு 154 மைல் ஓடி கின்னஸில் ஏறியது. 2006இல் அந்தச் சாதனையை உடைத்தது ஆஸ்திரேலியாவின் 'மாலூ'. மணிக்கு 271 கிலோமீட்டர்.

ஆஸ்திரேலியக்காரர்கள் இந்த விவகாரத்தில் தனி ரகம். 1930களின் ஆரம்பத்தில் விக்டோரியா மாநிலத்து விவசாயியின் மனைவி ஒருவர் ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போகவேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டும், இரண்டுக்கும் ஒரே வண்டி கிடைக்குமா என்று. லூ பாண்ட் என்ற இளம் டிசைனர் வரைந்து கொடுக்க, 1934இல் 'யூட்' வந்தது. காரின் முன்பாதி, லாரியின் பின்பாதி. ஆரம்பத்திலிருந்தே அது பாதி கார் என்பதால், பிற்காலத்தில் அதை வேகமாக்கியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொன்ன தேசம் அதுதான். என்ன பிரயோஜனம்? 2016இல் ஃபோர்டும் 2017இல் ஹோல்டனும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதையே நிறுத்திவிட்டன.

இதற்கிடையில் அமெரிக்காவில் சின்ன பிக்-அப்பே காணாமல் போனது. எஸ்-10 2004இல் நின்றது. 2011 டிசம்பரில் கடைசி ரேஞ்சர் மின்னசோட்டா தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. 2019இல் அதே பெயர் திரும்ப வந்தபோது வண்டி ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. கோழி வரி புண்ணியத்தில் வெளிநாட்டுப் போட்டியும் கிடையாது. ஒரு ஏணி, ஒரு டூல் பாக்ஸ், இரண்டு பெயின்ட் டின் ஏற்றிப் போகிறவனுக்கும் யானை சைஸ் வண்டிதான் என்றாகிவிட்டது.

அதனால்தான் 2021 ஜூனில் ஃபோர்டு 'மேவரிக்' என்ற சின்ன பிக்-அப்பை அறிவித்தபோது அத்தனை வரவேற்பு. ஆரம்ப விலை 19,995 டாலர். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் இன்ஜின். தயாராவது மெக்ஸிகோவில், அதனால் கோழி வரியின் பிடியில் சிக்கவில்லை. கூடுதல் காசு கொடுத்தால் 250 குதிரைசக்தி டர்போ இன்ஜின். ஃபோர்டின் வேகமான சின்ன கார்களில் ஓடிய அதே 2 லிட்டர் வகை. விடுவார்களா? ஸ்போர்ட்ஸ் மாடல் எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2024 ஆகஸ்டில் பதில் வந்தது. பெயர் 'லோபோ', ஸ்பானிஷ் மொழியில் ஓநாய். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஃபோர்டு இன்ஜினின் சக்தியைக் கூட்டவே இல்லை. வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். பிரேக்கைப் பலப்படுத்தினார்கள். வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்களில் எதற்கு எவ்வளவு சக்தி என்று பிரித்துக் கொடுக்கும் கிளட்ச் அமைப்பு, ஏழு கியர். நேர் ரோட்டில் ஃபெராரியை ஜெயிக்கும் ஆசையெல்லாம் இல்லை. வளைவில் ஓட்டுகிறவன் சிரித்தால் போதும். சைக்ளோனை விட இது விவரமான வேலை.

ஆனால், விலை? சுமார் 36,000 டாலர். போகட்டும், ஆசைப்பட்டவர்கள் கொடுக்கட்டும். கவலை அதில் இல்லை. 2025 மாடலில் சாதா மேவரிக்கின் ஆரம்ப விலையே 26,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரே தொழிற்சாலை, ஒரே வரிசை. ஓநாய்க்கு லாபம் அதிகம் என்றால், கம்பெனி எதை முதலில் செய்யும்? அந்தப் பெயின்டர் எத்தனை மாதம் காத்திருப்பார்?

இன்னொன்றும் இருக்கிறது. சாதா மேவரிக்கில் பணம் கட்டினால் 4,000 பவுண்ட் டிரெய்லரை இழுக்கும் வசதி வாங்கலாம். லோபோவுக்கு அது கிடையாது, 2,000 பவுண்டுதான். ஸ்போர்ட்ஸ் மாடல் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் அந்தப் பாக்கி 2,000 பவுண்டைத் திருப்பிக் கொடுக்கட்டும்.